கரட்டில் விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் கதையை ஆவணத்தோடு பொருத்துவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தாருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மலையடிவாரத்து ஊர்களில் தொண்ணூறை நெருங்கும் முதியவர்களோடு சாவகாசமாக உட்கார்ந்து பேசினால், ‘சண்டைக் காலத்துல ஏரோப்ளேன் உழுந்துச்சு’ என்ற பேச்சு எப்போதாவது வரும். முப்பத்தோரு ஆண்டுகள் நில அளவையாளனாக இந்தப் பக்கத்துக் கரடுகளிலும் கொல்லைகளிலும் சங்கிலி இழுத்த நான் அப்படி மூன்று கதைகளைக் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் விழுந்தது ஜப்பான்காரன் விமானம். மூன்றிலும் வெள்ளைக்காரன் அதைச் சுட்டு வீழ்த்தினான். இப்படியொரு கதை உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இருந்தால், அதை எழுத்து ஆவணத்தோடு பொருத்திப் பார்க்கும் வழியை இங்கே எழுதுகிறேன். இணையம் உள்ள கைபேசி, ஒரு கோடு போட்ட நோட்டு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் முன்பே ஜப்பான்காரனைக் கதையிலிருந்து இறக்கிவிடுவது நல்லது. ஜப்பானியக் கடற்படை விமானங்கள் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று சென்னையின் மேல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. எல்லாமே கடற்கரையோடு நின்றுபோன தாக்குதல்கள். பாராமகால் என்று பழைய நாளில் அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு மேல் பறந்தவை பெரும்பாலும் நம் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து எழும்பிய பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள்தாம். கோலாரில் ஒரு விமானத்தளம் இருந்தது, எலகங்காவில் இன்னொன்று, பெங்களூருவில் 1940 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் விமானங்களைப் பழுதுபார்த்துச் சோதித்துப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. கோலாரிலிருந்து கிருஷ்ணகிரி நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்குள்தான். லிபரேட்டர் என்ற நான்கு என்ஜின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்துக்கு அது கால் மணி நேரத் தூரம்கூட இல்லை.

ஆகவே இந்தப் பகுதியில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்திருந்தால், அது பயிற்சியில் நேர்ந்த விபத்து என்று வைத்துக்கொண்டு தேடுவதே சரி. பயிற்சியில் இத்தனை பேரா செத்திருப்பார்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிமீது குண்டுவீசிய பாம்பர் கமாண்டு படையில் 55,573 பேர் இறந்தனர்; அவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் எதிரியைப் பார்க்காமலேயே, பயிற்சியிலும் போருக்குத் தொடர்பில்லாத பறப்பிலும் இறந்தவர்கள். அமெரிக்காவுக்குள்ளேயே பயிற்சியில் இறந்த விமானப்படையினர் ஏறத்தாழ 15,000 பேர். இவர்களில் பலர் இளம்பையன்கள். அந்த வயதில் நம் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குப் பேருந்து ஏறுவார்கள். அந்தப் பையன்களோ முப்பது டன் எடையுள்ள இயந்திரத்தை இருட்டில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தேதிதான் முதல் வேலை

தேடப் புகுந்தவர்கள் செய்யும் முதல் தவறு, கதையைக் கேட்ட அன்றிரவே கைபேசியில் விமானத்தின் பெயரைத் தட்டித் தேடுவது. ஆவணங்கள் எல்லாம் நாள்வாரியாக அடுக்கப்பட்டவை. தேதி இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது. ஓர் ஆண்டுக்குள்ளும், இயன்றால் ஒரு மாதத்துக்குள்ளும் தேதியைக் குறுக்கிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

‘அது எந்த வருஷம்?’ என்று கேட்டால் யாருக்கும் விடை தெரியாது. ‘அப்போ என்ன வேலையில இருந்தீங்க?’ என்று கேட்க வேண்டும். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் ஆயா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: ‘ராகி அடிச்சு முடிச்சு களத்துலயே படுத்திருந்தோம் கண்ணு. பனி கொட்டுது, அவரைப் பூவு வாசம் தூக்குது. எங்கம்மா முழுகாம இருந்தா. கெழக்க கரட்டு மேல வெளிச்சம் வந்துச்சு, அப்பறந்தான் சத்தம்.’ இந்த நான்கு வாக்கியங்களில் ஒரு பஞ்சாங்கமே இருக்கிறது. ராகிக் களமும் அவரைப் பூவும் பனியும் சேர்ந்து வருவது மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான். தாயார் அப்போது சுமந்திருந்த பிள்ளை அந்த ஆயாவின் தம்பி. அவருடைய ஜாதகம் ஒரு தகரப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. பிறப்பு தாரண வருடம் சித்திரை மாதம் என்று அதில் எழுதியிருந்தது.

தமிழ் வருடப் பெயர்களை ஆங்கில ஆண்டுகளோடு பொருத்த ஒரு சிறு குறிப்பு போதும். ஏப்ரல் நடுவில் வரும் சித்திரையில் தொடங்கி, 1941 விஷு, 1942 சித்ரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப, 1946 விய. தாரணச் சித்திரை என்பது 1944 ஏப்ரல், மே. அதற்கு முந்தைய தை 1944 ஜனவரி, பிப்ரவரி. ஒரு ஜாதகமும் ஒரு களமும் சேர்ந்து ஆறு ஆண்டுப் போரை ஒன்றரை மாதமாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டன. எந்த அரசு அலுவலகத்திலும் எனக்கு இவ்வளவு விரைவாக ஒரு விடை கிடைத்ததில்லை.

ஜாதகம் கிடைக்காத வீடுகளில் கிணற்றுக் கல்வெட்டு, கிரயப் பத்திரம், மொய் நோட்டு ஆகியவற்றைப் பாருங்கள். பர்மாவிலிருந்து அரிசி வராமல் போனது, அங்கிருந்து ஆட்கள் நடந்தே திரும்பி வந்தது, பட்டணத்தார் சென்னையைக் காலி செய்துவிட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடிவந்தது ஆகிய மூன்றும் 1942ஐச் சேர்ந்தவை. விபத்து அதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் பெரும்பாலும் உறுதியான பதில் வரும். அமாவாசை இருட்டா, நிலா வெளிச்சமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பழைய பஞ்சாங்கமோ கைபேசியில் உள்ள நிலாக் கணக்கோ அதைத் தேதியாக மாற்றிக் கொடுத்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நல்ல ஆராய்ச்சியாளர்களும் இதில் சறுக்குகிறார்கள். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அதாவது, இன்றுபோல் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இல்லாமல், ஆறரை மணி முன்னால் இருந்தன. விமானப்படை சில பதிவுகளைக் கிரீன்விச் நேரத்தில் எழுதியது. நம் ஊரில் விடியற்காலை நான்கு மணிக்கு விழுந்த விமானம், அந்தப் பதிவில் முந்தைய நாள் இரவு ஒன்பதரை மணிக்கு விழுந்திருக்கும். போதாக்குறைக்கு, விடியும்வரை முதல்நாள்தான் என்று கணக்கு வைக்கும் நம் வழக்கப்படி, ஆயா சொல்லும் ‘திங்கக்கிழமை ராத்திரி’ நாட்காட்டியில் செவ்வாயாக இருக்கலாம். ஆகையால் கிடைத்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்து, மூன்று நாட்களாகவே தேட வேண்டும்.

இடத்தைப் பிடிப்பது

எங்கள் தொழிலில் கல்லை நட்ட பிறகுதான் கோடு. விழுந்த இடத்தை நேரில் பார்த்தவரோ அவருடைய பிள்ளையோ காட்டினால், அங்கே நின்று கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டா நிலமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு, புலப்படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் நகரங்கள் 57 எல் தாளிலும், ஓசூர், தேன்கனிக்கோட்டை 57 எச் தாளிலும், சித்தேரி மலையின் தென்புறம் 58 ஐ தாளிலும் வரும். பழைய பதிப்புகளில் ஒற்றையடிப் பாதைகளும் அழிந்துபோன கொட்டாய்களும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், இயன்றவரை பழைய தாளையே தேடுங்கள்.

இடப்பெயர் என்று வரும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று பிறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று. போர்க்காலத்தில் இரண்டும் சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். நான் மூன்று மாதம் ‘தருமபுரி’ என்று தேடி ஒரு வரிகூடக் கிடைக்காமல், பிறகு ‘சேலம்’ என்று போட்டுத் தேடத் தொடங்கினேன். விமானப்படைக்காரர்கள் அதைக்கூட எழுதாமல், பெங்களூருக்குத் தென்கிழக்கே இத்தனை மைல் என்று திசையும் தூரமும் மட்டும் எழுதிவிட்டுப் போவதுண்டு. அப்படி வந்தால் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஐந்து மைல் தள்ளியிருந்தாலும் உங்கள் இடத்தைக் கைவிட வேண்டாம். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதமாக இருக்கும் என்பதால், உச்சரித்துப் பார்த்து நான்கைந்து வடிவங்களில் தேடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கங்களில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற வீடுகளில் அந்த மொழி தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழில் கேட்டால் மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொல்வார்கள். வீட்டு மொழியில் கேட்டால் முழுக் கதையும் வரும்.

எஞ்சிய பொருளிலிருந்து வகையை அறிவது

விமானத்தின் வகையை ஊரார் சொல்லும் மூன்று விஷயங்களிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்: எத்தனை பிணம், எத்தனை என்ஜின், மிஞ்சியது இரும்பா மரமா.

எட்டுப் பேர், பத்துப் பேர் என்றால் லிபரேட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 18,000க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் அது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 110 அடி. பதினான்கு சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த, ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்ட நான்கு என்ஜின்கள். வாலில் இரண்டு நிமிர்ந்த பலகைகள். ஐந்தாறு பேர், இரண்டு என்ஜின், ஓலைப்பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய உலோகக் கூடு, அதன்மேல் துணி என்றால் வெலிங்டன். பார்ன்ஸ் வாலிஸ் வகுத்த அந்தக் கூட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இரண்டே பேர், இரண்டு என்ஜின், மற்றதெல்லாம் மரக்கட்டைபோல் எரிந்து சாம்பலானது என்றால் மஸ்கிட்டோ. ஒட்டுப்பலகையால் செய்த விமானம் அது. இந்தியாவின் வெயிலிலும் ஈரத்திலும் இறக்கையின் ஒட்டு விட்டுப்போய், சில விமானங்கள் வானத்திலேயே உடைந்ததால், 1944 நவம்பரில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். ‘ரெக்கை தனியா உழுந்துச்சு, ஒடம்பு தனியா உழுந்துச்சு’ என்று யாராவது சொன்னால், சுட்டுத்தான் உடைந்தது என்று ஊர் நினைத்ததில் வியப்பில்லை. நீங்கள் முதலில் ஒட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்னுடைய தவறு. அதே பாலக்கோட்டுப் பக்கத்தில் வேறொரு வீட்டில் ராகிப் பானைக்கு மூடியாக ஓர் அலுமினியத் தகடு இருந்தது. முழ அகலம், ஓரத்தில் இரண்டு வரிசைத் தறைகள், ஒரு பக்கம் விளிம்பு மடிந்திருந்தது. வீட்டுக்காரம்மா அதை ஆண்டுக்கணக்கில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெள்ளிபோல் வைத்திருந்தார். ஆனால் மடிந்த விளிம்புக்குள் விரல் நகத்தால் சுரண்டியபோது, பச்சையும் மஞ்சளும் கலந்த பூச்சு ஒட்டியிருந்தது தெரிந்தது. அமெரிக்க விமானங்களுக்கு உள்பக்கம் அடித்த துருத்தடுப்புப் பூச்சு அது. தகட்டின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்ததும், 32 என்று தொடங்கும் ஓர் உதிரிபாக எண் மேலெழுந்தது. லிபரேட்டரைக் கட்டிய கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் அந்த விமானத்தின் வடிவ எண் 32. உதிரிபாக எண்களும் அதிலேயே தொடங்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு மாதம் லிபரேட்டர் பதிவுகளையே புரட்டினேன். ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அந்த வீட்டுப் பெரியப்பாவைச் சந்தித்தபோது, ‘அந்தத் தகடா? எங்கப்பாரு பெங்களூருல பழைய சாமான் ஏலத்துல எடுத்தாந்தது சாமி, எடைக்கு எடை போட்டு’ என்றார்.

போர் முடிந்ததும் உபரி விமானங்களும் உடைசல்களும் நாடெங்கும் எடைக்கு விற்கப்பட்டன. அந்த அலுமினியம் சொம்பாகவும் தாம்பாளமாகவும் பானை மூடியாகவும் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆகவே வீட்டில் இருக்கும் தகடு விமானத்தின் வகையைச் சொல்லுமே தவிர, அது உங்கள் கரட்டில் விழுந்தது என்று சொல்லாது. யார் கொண்டுவந்தார்கள், எங்கிருந்து, எப்போது என்று முதலில் கேட்க வேண்டும். நான் கடைசியில் கேட்டேன். பொருள் விழுந்த இடத்திலேயே கிடந்தால்தான் சாட்சி. பிரிட்டிஷ் கருவிகளில் கிரீடமும் அதன்கீழ் விமான அமைச்சகத்தின் இரண்டு ஆங்கில எழுத்துகளும் பொறித்திருக்கும். காலித் தோட்டாக்களின் அடியில் தயாரித்த ஆண்டு பெரும்பாலும் இரண்டு இலக்கமாக இருக்கும். விபத்து அந்த ஆண்டுக்கு முன் நடந்திருக்க முடியாது. எதையும் தேய்க்காமல், கழுவாமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

எந்தப் பிரிவு, எந்தக் கோப்பு

1944இல் கோலாரில் 1673ஆம் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவு இயங்கியது. இரண்டு என்ஜின் விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு நான்கு என்ஜின் லிபரேட்டரைக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை: ஏறி இறங்குதல், மூன்று என்ஜினில் பறத்தல், இரவில் நெடுந்தொலைவு போய்த் திரும்புதல், குண்டு போட்டுப் பழகுதல். அந்தப் பிரிவு 1944 நவம்பர் 8 அன்று 358ஆம் ஸ்குவாட்ரனாக, அதாவது போரில் பறக்கும் படைப்பிரிவாக, மாற்றப்பட்டது. எலகங்காவில் மஸ்கிட்டோவுக்கு ஆட்களைப் பழக்கிய 1672ஆம் பிரிவு இருந்தது. இந்தப் பிரிவுப் பெயர்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் ஏர் 27 என்ற வரிசையிலும், விமானத்தளங்களின் நாட்குறிப்புகள் ஏர் 28 வரிசையிலும், பயிற்சிப் பிரிவுகள் முதலியவற்றின் நாட்குறிப்புகள் ஏர் 29 வரிசையிலும் இருக்கின்றன. அதே தளம், அதே விமானங்கள், ஏறத்தாழ அதே ஆட்கள் என்றாலும், நவம்பர் 8க்கு முந்தைய விபத்து ஒரு வரிசையிலும் பிந்தையது வேறொரு வரிசையிலும் கிடக்கும். ஏர் 27 பெரும்பாலும் மின்படமாக்கப்பட்டு இணையத்தில் தரவிறக்கக் கிடைக்கிறது. மற்றவற்றுக்குக் காப்பகத்துக்கு எழுதி நகல் கேட்க வேண்டியிருக்கும்.

இவற்றைவிட நேரடியானது விபத்து அட்டை. ஒவ்வொரு பிரிட்டிஷ் விமான விபத்துக்கும் 1180 என்ற எண்ணுள்ள படிவத்தில் ஓர் அட்டை எழுதினார்கள். அவை லண்டனில் உள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விமான வகையையும் தேதியையும் கொடுத்துக் கேட்க வேண்டும். நான் தேதி தேதி என்று சொன்னது இதற்காகத்தான்: ‘எங்கள் ஊரில் ஒரு விமானம் விழுந்ததாம்’ என்று எழுதினால் மரியாதையான ஒரு வருத்தக் கடிதம் வரும், ‘1944 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, பெங்களூருக்குத் தென்கிழக்கே அறுபது மைல் சுற்றுவட்டம்’ என்று எழுதினால் தேடிப் பார்ப்பார்கள்.

இங்குள்ள ஆவணங்களை விட்டுவிட வேண்டாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேலம் ஜில்லா தொடர்பான கோப்புகள் இருக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் தலைப்பைக் கொடுத்துத் தேடலாம். செய்தித்தாளில் இடத்தின் பெயரோடு செய்தி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். போர்க்காலத் தணிக்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. என் அனுபவத்தில் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். சிதைவுகளைப் பட்டாளம் வந்து அள்ளும்வரை, ஊர் மணியக்காரரும் தலையாரியும்தான் காவல் இருந்திருப்பார்கள். அந்தக் குடும்பங்களைத் தேடிப் போங்கள். எத்தனை நாள் காவல், யார் வந்தார்கள், சாப்பாடு எங்கிருந்து போனது, சவங்களை எந்த வண்டியில், எந்தத் திசைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் அடுத்த படி.

இறந்தவர்களின் பெயர்கள்

தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்ச் சவக்குழிகளைத் தொடர்ந்து பராமரிக்க வழியில்லாததால், பிற்பாடு அவற்றைச் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே 856 பேரின் குழிகள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் தோட்டத்தைத் தேர்ந்து, விமானப்படை என்றும், உங்கள் மூன்று நாள் இடைவெளியையும் கொடுத்தால் பட்டியல் வரும். ஒரே தேதியில் ஏழெட்டு விமானப்படையினர் இறந்திருந்து, அவர்களில் ஒருவர் விமானி, ஒருவர் வழிகாட்டி, ஒருவர் வானொலியாளர், இருவர் சுடுநர் என்று பணிகளும் அமைந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு விமானத்தின் குழு. பலருக்கு ஒரே குழி எண் கொடுக்கப்பட்டிருந்தால் உடல்களைப் பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். ஊரார் சொல்லும் தீயின் கதையோடு அது பொருந்தும். உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில், 24,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு இருக்கின்றன.

பட்டியலில் ஓர் ஆஸ்திரேலியர் இருக்கிறாரா என்று பாருங்கள். அன்றைய குழுக்களில் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பையன்கள் கலந்தே இருந்தார்கள். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 என்ற வரிசையில், இறந்த விமானப்படையினரைப் பற்றிய கோப்புகள் பெயர்வாரியாக இருக்கின்றன; மின்படமாக்கப்பட்டவற்றைக் காசு கொடுக்காமல் வீட்டிலிருந்தே படிக்கலாம். விபத்து எப்படி நடந்தது, எங்கே புதைத்தார்கள், தாய்க்கு என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கக்கூடும். ஒருவருக்கான கோப்பு முழுக் குழுவின் கதையையும் சொல்லிவிடும்.

அமெரிக்க விமானமாக இருந்தால் வழி வேறு. போர் முடிந்த பின் அவர்கள் தங்கள் ஆட்களின் உடல்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே குழி இருக்காது. அலபாமா மாநிலத்தில் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள அவர்களுடைய விமானப்படை வரலாற்று ஆய்வகத்துக்குத் தேதியோடு எழுதினால் விபத்து அறிக்கையைக் கேட்டுப் பெறலாம்.

ஏன் விழுந்தது

காரணத்தை அட்டையில் ஒரு வரியில் சுருக்கி எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் விமானியின் தவறு என்று. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தை அறிந்தவர் என்ற முறையில் நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்கலாம். கோலார் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் 2,700 அடிக்கு அருகில். அங்கிருந்து தெற்கே வந்தால் நிலம் சரிந்து, தருமபுரிச் சமவெளியில் 1,500 அடி அளவுக்கு இறங்கிவிடுகிறது. பிறகு மேலகிரியும் சித்தேரியும் எழும்புகின்றன. இன்னும் தெற்கே சேர்வராயன் 5,300 அடியைத் தாண்டி நிற்கிறது. உயரமானியைத் தளத்தில் சுழியமாக வைத்துக்கொண்டு கிளம்பியவருக்கு, முள் 1,500 என்று காட்டும்போது அவர் கடல் மட்டத்துக்கு மேல் 4,200 அடியில் இருக்கிறார். வரைபடமோ மலை உயரங்களைக் கடல் மட்டத்திலிருந்துதான் சொல்கிறது. இரவு, மேகம், கீழே ஒரு விளக்குகூட இல்லாத ஊர்கள். இந்தக் கூட்டல் கழித்தலை வழிகாட்டி ஒருமுறை மாற்றிப் போட்டால் போதும். தாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்க மேகத்துக்குக் கீழே இறங்கிய விமானம், எந்த என்ஜின் கோளாறும் இல்லாமலேயே கரட்டில் மோதும்.

இதை ஊர்ச் சாட்சியோடு ஒப்பிடுங்கள். ‘சத்தம் சீராக இருந்ததா, விட்டுவிட்டு வந்ததா’ என்பது முக்கியமான கேள்வி. சீரான சத்தத்தோடு வந்து மோதியது என்றால் உயரக் கணக்கு. இருமிக்கொண்டு, தாழ்வாக வட்டமடித்தது என்றால் என்ஜின். வானத்திலேயே வெளிச்சம் தெரிந்தது என்றால் தீயோ உடைப்போ. ஆயாவின் சொல்லில் வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கும் என்பதால், தரையில் மோதி எரிந்தாலும் தொலைவில் இருப்பவருக்கு இதே வரிசையில்தான் தெரியும். இடையில் எத்தனை மூச்சு விட்டீர்கள் என்று கேட்டால் தூரம்கூட ஓரளவு கிடைக்கும். எங்கள் அளவைச் சங்கிலிக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை.

காட்டுக்குள் போவதாக இருந்தால்

காப்புக் காட்டுக்கும் காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயத்துக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. உள்ளிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுத்துவரக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள பக்கங்களில் வேட்டைத்தடுப்புக் காவலர் உடன் வந்தால்தான் போக வேண்டும். குண்டு, தோட்டாப் பெட்டி, உருளையான கனத்த இரும்பு எதுவானாலும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி வந்து காவல் நிலையத்தில் சொல்லுங்கள். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்த வெடிமருந்து செத்துப்போய்விட்டது என்று நினைப்பது தவறு. எலும்பு தெரிந்தாலும் அப்படியே விட்டுவிட்டுக் காவல்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு போர்க் கல்லறை ஆணையத்துக்கு எழுதலாம்.

எழுதிவைக்கும் முறை

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கேட்டது, கண்டது, எழுத்தில் இருப்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதையும் நகர்த்தாதீர்கள். ஆயா சொன்ன ஜப்பான்காரனையும் கேட்ட பத்தியில் அப்படியே எழுதுங்கள். அன்றைக்கு ஊர் எதற்குப் பயந்தது என்பதற்கு அதுவே சான்று. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் அது ஊர்க் கணக்கா, போர்க்கால இந்திய நேரமா, கிரீன்விச்சா என்று குறியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எங்கே கிடைத்தது, யார் கையில் இருக்கிறது, அவருக்கு எப்படி வந்தது என்று எழுதுங்கள். ராகிப் பானையின் மூடி என் நோட்டில் ‘கண்டது’ பத்தியில், ‘பெங்களூரு ஏலம், விலைக்கு’ என்ற குறிப்போடு இருக்கிறது. வீட்டுக்காரம்மா அதைத் திரும்ப வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துப் பானைமேல் கவிழ்த்துவிட்டார்.